தாத்தா மலை ஏறிய ஆண்டு எது?



தேவிகுளம், பீர்மேடு தேயிலைத் தோட்டங்களில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறையாக உழைக்கின்றன. முன்னோர் எந்த ஆண்டு வந்தார்கள்? பலருக்குத் தெரியாது. ஆனால் அது முக்கியம். கேரளத்தில் பட்டியல் சாதிச் சான்றிதழ் பெற, 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்பே குடும்பம் இங்கே குடியிருந்ததைக் காட்ட வேண்டும்.

தேவிகுளம் சட்டமன்ற உறுப்பினராக இருந்தபோது ஏ. ராஜாவுக்கும் இந்தக் கேள்வி வந்தது. 2023-ல் உயர் நீதிமன்றம் அவர் தேர்தல் செல்லாது என்றது. 2025-ல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது.

எப்படித் தேடுவது? முதலில் பெரியவர்களைக் கேளுங்கள். "பெரிய வெள்ளத்துக்கு முன்பே அப்பா வந்தார்" என்பார்கள். அது எந்த ஆண்டு? பழைய செய்தித்தாள் சொல்லும்: 1924 ஜூலை. மூணாறு ரயில் பாதை அந்த வெள்ளத்தில்தான் அழிந்தது. பழைய இதழ்கள் பல இன்று இணையத்தில் உள்ளன. பிள்ளைகளின் கைபேசியில் பார்க்கலாம்.

செய்தித்தாள் ஆண்டைத் தரும். தாத்தாவின் பெயரைத் தராது. பெயருக்குத் தோட்டப் பதிவேட்டையும் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டையும் பாருங்கள்.

வீட்டில் உள்ள பழைய தாளை எறியாதீர்கள். படித்துப் பாருங்கள். நகல் எடுத்து வையுங்கள். நாளை பேரப்பிள்ளையின் படிப்புக்கு அது உதவும்.