மகளும் வாய் திறக்கட்டும்

தஞ்சோங் காராங், கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டங்களில் பெண் பிள்ளைகளைப் பாராட்டும்போது ஒரு சொல் சொல்வார்கள். "தங்கமான பெண், வீட்டில் இருக்கிறாளா இல்லையா என்றே தெரியாது" என்பார்கள். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு துறுதுறுவென்று இருந்த பெண், இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் விடை தெரிந்தும் கையை உயர்த்தமாட்டாள். மலாய்மொழியில் பிழை வந்துவிடுமோ, பின்வரிசையில் சிரிப்பார்களோ என்ற கூச்சம். வீட்டில் அவளைப் பேசவிட்டுப் பழக்கவில்லையென்றால் அங்கே எப்படிப் பேசுவாள்?

கிறிஸ்தவக் குடும்பங்களில் இந்த மௌனத்துக்கு வேத ஆதாரம் காட்டுவோரும் உண்டு. அவர்கள் எண்ணாகமம் 27-ஆம் அதிகாரத்தையும் சற்றுத் திருப்பிப் பார்ப்பது நல்லது. செலொப்பியாத் என்பவர் வனாந்தரத்தில் இறந்துபோனார். ஆண் பிள்ளை இல்லை. மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள் என்று ஐந்து பெண்கள். ஆண் வாரிசு இல்லாத காரணத்தால் தகப்பன் பெயர் அற்றுப்போகலாமா, எங்களுக்கும் நிலம் வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். எங்கே கேட்டார்கள்? அடுப்பங்கரையில் அல்ல, ஆசரிப்புக் கூடார வாசலில், மோசேக்கும் ஆசாரியனுக்கும் பிரபுக்களுக்கும் சபையார் அனைவருக்கும் முன்பாக. மோசே அவர்களை அதட்டவில்லை. வழக்கைக் கர்த்தரிடம் கொண்டுபோனார். அந்தப் பெண்கள் கேட்டது நியாயம் என்றே தீர்ப்பு வந்தது.

கதை அதோடு முடியவில்லை. தீர்ப்பு கிடைத்தும் நிலம் தானாக வந்து சேரவில்லை. மோசே மறைந்து, கானானில் நிலம் பங்கிடும் நாளில், அதே பெண்கள் யோசுவாவின் முன் போய் நின்று, எங்களுக்குச் சொல்லப்பட்ட பங்கு எங்கே என்று மறுபடியும் கேட்கவேண்டியிருந்தது. யோசுவா 17-ஆம் அதிகாரத்தில் இது இருக்கிறது. தோட்டத்து மக்களாகிய நமக்கு இது புதிய அனுபவமா என்ன? போருக்கு முந்திய நாட்களில் ஆண் கூலி 50 காசென்றால் பெண்ணுக்கு 40 காசு. வெட்டியது ஒரே பால்மரம்தான்.

நம் நாட்டிலேயே ஒருவரைப் பார்ப்போம். ஈப்போவில் 1927-இல் மெதடிஸ்ட் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர் ராசம்மா பூபாலன். 1943-இல், பதினாறு வயதில், தம் சகோதரி பொன்னம்மாவுடன் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்து பர்மாவரை போனார். அந்தப் படையில் ரப்பர்த் தோட்டத்துப் பெண்கள் பெருந்தொகையாக இருந்தனர் என்பதை நம் பெண்களுக்குச் சொல்லவேண்டும். போருக்குப் பின் ராசம்மா படித்து ஆசிரியரானார். ஒரே வகுப்பு, ஒரே பாடம், ஆனால் ஆசிரியைக்குக் குறைந்த சம்பளம் என்றிருந்த காலம் அது. 1960-இல் பெண் ஆசிரியர் சங்கம் அமைந்தபோது அதன் முதல் தலைவியாகி, சம ஊதியம் கேட்டார். ஒருமுறை கேட்டதும் கிடைத்துவிடவில்லை. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அரசாங்கப் பணியில் அக்கொள்கை ஏற்கப்பட்டது. பின்னாளில் கோலாலம்பூர் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியையாகவும் விளங்கினார்.

இப்படிப்பட்ட துணிவு மேடையில் பிறப்பதில்லை. சாப்பிடும் நேரத்தில் அண்ணனைக் கேட்பதுபோல் தங்கையையும் "நீ என்ன நினைக்கிறாய் அம்மா?" என்று கேட்கலாம். அவள் மாற்றுக் கருத்துச் சொன்னால் அதை எதிர்த்துப் பேசுவதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. வீட்டு ஜெபத்தை ஒருநாள் அவள் நடத்தட்டும். கிளினிக்கில் பாட்டியின் நோயை அவளே எடுத்துச் சொல்லட்டும்; மலாய் தடுமாறினால் தடுமாறட்டும். பெரியவர்களிடம் மரியாதை குறையாமல் தன் நியாயத்தைச் சொல்லத் தெரிவதும் நல்ல வளர்ப்புத்தானே.

பங்கு என்ற பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறோம். முஸ்லிம் அல்லாதவர் உயில் எழுதாமல் இறந்தால், 1958-ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டப்படி, பிள்ளைகளுக்குரிய பாகத்தில் மகனுக்கும் மகளுக்கும் வேற்றுமை இல்லை. "கட்டிக்கொடுத்தாயிற்று, அவளுக்கு ஏது?" என்று சொல்வதைச் சட்டம் ஏற்காது. ஊழியர் சேமநிதியில் யார் பெயரை எழுதியிருக்கிறோம் என்பதையும் பார்க்கவேண்டும். பலர் மூத்த மகன் பெயரை மட்டும் எழுதிவிட்டு அப்படியே மறந்துவிடுகிறார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்களைப் பங்கு குறித்து எழுத இடமுண்டு. அடுத்தமுறை அந்த அலுவலகத்துக்குப் போகும்போது மகளையும் அழைத்துப் போங்கள்; பாரத்தை அவளே படித்து உங்களுக்கு விளக்கட்டும்.