பயணிக்குப் பெயர், வண்டிக்கு எண்



கரூரில் நின்று செயற்கைக்கோள்களைப் பற்றிப் பேசுவதில் எனக்கு ஒரு வசதி. சேசிஸ் என்றால் என்ன, பாடி கட்டுவது என்றால் என்ன என்று இந்த ஊரில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. என்ஜினும் சக்கரமும் ஸ்டியரிங்கும் மட்டுமாக, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு டிரைவர் வெயிலில் ஓட்டிவருகிறாரே, அந்த எலும்புக்கூட்டின் மேல்தான் டவுன் பஸ்ஸும் எழும்புகிறது, சொகுசுப் பேருந்தும் எழும்புகிறது. செயற்கைக்கோள் கட்டுகிறவர்களும் தங்கள் சேசிஸை ‘பஸ்’ என்றுதான் அழைக்கிறார்கள். மின்சாரம் தருவது, பூமியைப் பார்த்த முகம் திரும்பாமல் பிடித்து வைப்பது, எரிபொருளைச் சுமப்பது, சூட்டையும் குளிரையும் தாங்குவது எல்லாம் அதன் வேலை. டிவி அலைகளை வாங்கித் திருப்பி அனுப்பும் டிரான்ஸ்பாண்டர்கள் அதில் ஏறி உட்காரும் பயணிகள். செய்தித்தாளில் வருவது பயணியின் பெயர். வண்டிக்கு எண் மட்டும்தான்: ஐ-1கே, ஐ-2கே, ஐ-3கே, ஐ-6கே. ‘கே’ என்பது ஆயிரம் கிலோ. எண் ஏற ஏற எடை ஏறுகிறது.

இஸ்ரோவின் இந்த வண்டிக் குடும்பத்தை வளர்த்து ஆளாக்கியதில் பெரும்பங்கு பழுதுகளுக்குத்தான் என்பது என் கட்சி.

முதல் வண்டி ஆப்பிள். 670 கிலோ. 1981 ஜூன் 19 அன்று ஏரியான் ராக்கெட்டின் மூன்றாவது சோதனைப் பயணத்தில் பிரெஞ்சு கயானாவின் கூருவிலிருந்து போனது. சோதனை ராக்கெட் என்பதால் இடம் இலவசம். திட்ட இயக்குநர் ஆர்.எம். வாசகம், பின்னாளில் அண்ணா பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானவர். செயற்கைக்கோளை மாட்டு வண்டியில் ஏற்றி நிற்கும் படத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ‘பாவம், ஏழை நாடு’ என்று அதற்குக் கீழே எழுதுகிறவர்கள் உண்டு. அது ஏழ்மைப் படமே அல்ல. ஆன்டெனாவைச் சோதிக்கும்போது சுற்றிலும் உலோகம் இருந்தால் அலைகள் அதில் பட்டுத் தெறித்து அளவு கெட்டுப்போகும். லாரி முழுக்க உலோகம். கட்டை வண்டியில் மரம்தான் அதிகம். கணக்குப் போட்டுத்தான் மாட்டைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

தற்காலிகப் பாதையிலிருந்து 36,000 கிலோமீட்டர் உயரத்து நிலைப்பாதைக்கு ஆப்பிளைத் தள்ளியது எஸ்எல்வி-3 ராக்கெட்டின் நான்காம் அடுக்கிலிருந்து உருவாக்கிய மோட்டார். போய்ச் சேர்ந்தது. ஆனால் இரண்டு சூரியத் தகடுகளில் ஒன்று விரியவில்லை. ஒற்றைத் தகட்டு மின்சாரத்தில் இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் ஓட்டினார்கள். மின்சாரத்தைச் சிக்கனமாகப் பங்கிட்டு, சூட்டைச் சமாளித்து வண்டி ஓட்டும் பழக்கம் அங்கேதான் தொடங்கியது.

அடுத்து வந்த இன்சாட்-1 வரிசை நாம் கட்டியதல்ல. அமெரிக்காவின் ஃபோர்டு ஏரோஸ்பேஸ் கட்டியது. இங்கே கொஞ்சம் நின்று ஒரு பொருளைப் பார்க்க வேண்டும். அதன் பெயர் பாய். கப்பல் பாய்தான்.

இன்சாட்டில் டிவி, தொலைபேசிக் கருவிகளோடு வானிலைக் கேமராவும் உட்கார்ந்திருந்தது. அந்தக் கேமராவின் அகச்சிவப்பு உணரி கடுங்குளிரில் இருந்தால்தான் வேலை செய்யும். அந்தக் குளிரை அது இருண்ட விண்வெளியைப் பார்த்துப் பெறுகிறது. அதற்காக வடக்குப் பக்கத்தைக் காலியாக விட வேண்டும்; அங்கே சூரியத் தகடு வைத்தால் அதன் சூடு அடிக்கும். எனவே தகடு முழுவதும் தெற்குப் பக்கத்தில். இப்போது வேறொரு தொல்லை. சூரிய ஒளிக்கும் ஒரு தள்ளு விசை உண்டு. உள்ளங்கையில் உணர முடியாத அளவு சிறியது; ஆனால் இரவு பகலாக ஒரே பக்கம் தள்ளினால் வண்டி மெல்லச் சுழலத் தொடங்கிவிடும். சரிக்கட்ட, வடக்கே ஒரு நீண்ட கம்பத்தை நீட்டி அதன் முனையில் ஒரு பாயை விரித்தார்கள். தராசில் மறுதட்டு மாதிரி.

1982 ஏப்ரலில் போன இன்சாட்-1ஏவில் அந்தப் பாய் விரியவே இல்லை. வண்டியை நேராக வைத்திருக்கவே எரிபொருள் கரைந்தது. செப்டம்பரில் தீர்ந்துபோய்க் கைவிட்டார்கள். 1983இல் சாலஞ்சர் விண்ணோடத்தில் போன 1பியின் தகடும் முதலில் முரண்டு பிடித்து, செப்டம்பர் நடுவில்தான் விரிந்தது. எண்பதுகளில் ஊர் ஊராகத் தூர்தர்ஷன் கோபுரம் எழுந்தது அந்த ஒரு வண்டியை நம்பித்தான். 1சி பாதி மின்சாரத்தை இழந்தது. 1டியின் மேல் ஏவுவதற்கு முன்பே கிரேன் கொக்கி விழுந்தது. இப்படி ஒரு ஜாதகம்!

பெங்களூரில் நாமே கட்டிய இன்சாட்-2ஏ 1992 ஜூலை 10 அன்று போனது. எடை 1,906 கிலோ. ஐ-2கேயின் மூத்த பிள்ளை இதுதான். உருவம் ஃபோர்டு வண்டியின் சாயல்: அதே ஒற்றைப் பக்கத் தகடு, அதே பாய். இந்தத் தடவை பாய் விரிந்தது. 1995இல் வந்த 2சியில் வானிலைக் கேமராவை எடுத்துவிட்டார்கள். பாய் தேவையில்லாமல் போனது. இரண்டு பக்கமும் தகடு வந்தது, மின்சாரம் கூடியது. கேமராவோடு போன 2இ, 3ஏ மீண்டும் பாயைக் கட்டிக்கொண்டன என்றாலும், தொலைத்தொடர்பு வண்டி தனியாக வளரலாம் என்று காட்டியது 2சிதான். அந்த வழியில் வந்ததே 2005 டிசம்பரில் போன, மூன்று டன்னைத் தாண்டிய இன்சாட்-4ஏ. ஐ-3கே குடும்பத்தில் மூத்தது அது.

வானிலைக்கென்று தனியாக ஒரு சின்ன வண்டி கட்டினார்கள். 2002 செப்டம்பரில் பிஎஸ்எல்வி ஏற்றிச்சென்ற மெட்சாட். கல்பனா சாவ்லா மறைந்தபின் கல்பனா-1 என்று பெயர் பெற்றது. பூமியைத் தாண்டி முதலில் போனது கடைக்குட்டியான இந்த ஐ-1கேதான். மயில்சாமி அண்ணாதுரை திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-1 இதன் அடித்தளத்திலிருந்து வந்தது, மங்கள்யானும் அப்படியே. நிலைப்பாதைக்குத் தள்ளுவதற்கென்று உருவாக்கிய, நம் மகேந்திரகிரியில் எரித்துச் சோதித்த 440 நியூட்டன் திரவ என்ஜின், மங்கள்யானில் ஏறத்தாழ 300 நாள் தூங்கிய பிறகு 2014 செப்டம்பர் 24 அன்று செவ்வாய்க்குப் பக்கத்தில் மறுபடி எரிந்தது. டிவி வண்டியின் என்ஜின் அது!

பெருமை போதும், பழுதுக்கு வருகிறேன். பாய்க்கும் தகட்டுக்கும் பிறகு வந்த வியாதி மின்சாரம். 1997 ஜூன் மாதம் போன இன்சாட்-2டி, அக்டோபரில் மின்கோளாறால் செத்தது. அதை நம்பியிருந்த பங்குச் சந்தை வர்த்தகம் தடைப்பட்டது. அவசரத்துக்கு, விண்ணில் ஓடிக்கொண்டிருந்த அராப்சாட்-1சியைப் பழைய வண்டி வாங்குவதுபோல வாங்கினோம். ஐரோப்பிய நிறுவனத்தோடு சேர்ந்து யூடெல்சாட்டுக்காகக் கட்டிய டபிள்யூ2எம், 2008 டிசம்பரில் ஏவிய சில வாரங்களிலேயே மின்கோளாறில் சிக்கியது. வாங்கியவர்கள் சேவையில் சேர்க்க மறுத்தார்கள். 2010 ஜூலையில் இன்சாட்-4பியின் பாதி டிரான்ஸ்பாண்டர்களை நிறுத்த வேண்டி வந்தது. தமிழ்நாட்டு வீடுகளில் டிஷ் வழி வந்த படமும் தடுமாறியது. 2018 மார்ச் 29 அன்று போன ஜிசாட்-6ஏ மூன்றாம் நாள் பேச்சை நிறுத்திவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததை இந்த வரலாற்றிலேயே சிறந்த முடிவு என்பேன். ஐ-6கேயின் முதல் வண்டி, 5,854 கிலோ ஜிசாட்-11, ஏற்கெனவே கூருவுக்குப் போய்ச் சேர்ந்து ராக்கெட்டுக்குக் காத்திருந்தது. அதைத் திருப்பிப் பெங்களூருக்கே கொண்டுவந்துவிட்டார்கள். கடல் கடந்து போன வண்டியை மறுபரிசோதனைக்காகத் திரும்ப அழைப்பது கௌரவப் பிரச்சினை. கௌரவத்தைப் பார்க்கவில்லை. மீண்டும் சோதித்து அனுப்பினார்கள். டிசம்பர் 5 அன்று ஏரியான்-5இல் ஏறிப் போனது. அன்றுவரை இந்தியா கட்டியவற்றில் மிகக் கனமானது அதுவே.

ஒரு பாரம் மட்டும் இன்னும் குறையவில்லை. ஏவும்போது இந்த வண்டிகளின் எடையில் பாதிக்கும் மேல் எரிபொருள். இன்சாட்-4ஏவின் 3,081 கிலோவில் வண்டியும் பயணிகளும் சேர்ந்தே சுமார் 1,390 கிலோதான். செனான் வாயுவை மின்சாரத்தால் உந்தும் முறைக்கு மாறினால் அந்தச் சுமை வெகுவாக இறங்கும். 2017இல் போன தெற்காசியச் செயற்கைக்கோளில் அதைத் தொட்டுப் பார்த்தார்கள். இந்த வேலை நத்தை வேகத்தில் நடக்கிறது என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

2024 நவம்பரில் 4,700 கிலோ ஜிசாட்-என்2 அமெரிக்காவின் ஃபால்கன்-9இல் போனது. 2025 நவம்பர் 2 அன்று 4,410 கிலோ சிஎம்எஸ்-03ஐ ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நம் எல்விஎம்-3 ஏற்றிச் சென்றது. அன்றுவரை நம் மண்ணிலிருந்து போன தொலைத்தொடர்பு வண்டிகளில் அதுதான் கனமானது. ஆறு டன் வண்டியைப் பெங்களூரில் கட்டிவிடுகிறோம். அதை நிலைப்பாதையை நோக்கி ஏற்றிச் செல்ல இன்றைக்கும் அடுத்தவர் ராக்கெட்டில்தான் டிக்கெட் எடுக்க வேண்டும்.