கடன் சுமையும் காலத்தே செய்யும் சீரமைப்பும்



சிறு கட்டுமான நிறுவனம் கடனில் அமிழ்வது பெரும்பாலும் வேலை இன்மையால் அன்று, வேலை மிகுதியால். மூன்று இடங்களில் பணி நடக்கும் நிறுவனம் ஒன்றை எண்ணிப் பார்ப்போம். கம்பிக்கும் சிமெண்டுக்கும் உடனே பணம் தரவேண்டும். கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் சனிக்கிழமைதோறும் கூலி தரவேண்டும். முடித்த வேலைக்குரிய பட்டியல் தொகையோ மாதங்கள் கழித்தே வரும். அதிலும் ஒரு பகுதி, பின்னர்க் குறை தோன்றினால் ஈடுசெய்வதற்கெனப் பிடித்து வைக்கப்படும். இந்த இடைவெளியை நிரப்பவே வங்கி நடப்பு மூலதனக் கடன் தருகிறது. அப்பணத்தை எடுத்து மனை வாங்கியோர் பலர். தொல்லை வேர்விடுவது அங்கேதான். மனை விலைபோகாமல் கிடக்க, கூலிக்குக் கைம்மாற்று, கைம்மாற்றை அடைக்கக் கந்துவட்டி, இறுதியில் வீட்டார் நகை எனச் சங்கிலி நீளும்.

தவணை தவறிய நாள்முதல் வங்கி நாள் எண்ணத் தொடங்குகிறது. 30 நாள், 60 நாள், 90 நாள் என மூன்று படிகள். 90 நாள் கடந்தால் கணக்கு வாராக்கடன் ஆகும். பின்னர், 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் அறிவிப்புத் தந்து, வழக்குத் தொடராமலே ஈட்டுச் சொத்தின்மீது வங்கி நடவடிக்கை எடுக்கலாம்.

ஆகவே அந்த 90 நாட்களே பொன்னான காலம். சிறு, குறு, நடுத்தரத் தொழில்களின் மறுவாழ்வுக்கென 2015இல் நடுவண் அரசும், 2016 மார்ச்சில் ரிசர்வ் வங்கியும் ஒரு நெறிமுறை வகுத்தன. 25 கோடி ரூபாய் வரை கடன் உள்ளோர்க்கு அது பொருந்தும். தவணை தவறும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. தவறக்கூடும் என அஞ்சினாலே தொழில் நடத்துவோர் தாமே விண்ணப்பிக்கலாம். வங்கிக் குழு திருத்தம், மறுசீரமைப்பு, வசூல் ஆகிய மூன்றில் ஒன்றை முடிவு செய்யும். கணக்கு வாராக்கடன் ஆவதற்கு முன்பே தொழில்முனைவோரும் உரிய ஆவணங்களுடன் வங்கியை அணுகவேண்டும் என 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் உரைத்தது. ஆனால் நம்மவர் பலர் அந்த நாட்களில்தான் வங்கி மேலாளரின் தொலைபேசி அழைப்பை எடுப்பதில்லை!

மறுசீரமைப்பு என்பது தள்ளுபடி அன்று. நம் நிறுவனத்தின் கடன் 60 லட்சம், அதில் மனையில் முடங்கியது 40 லட்சம் என்று கொள்வோம். அந்த 40 லட்சத்தைத் தனியே பிரித்து ஆறாண்டுத் தவணைக் கடனாக மாற்றினால், அசல் மாதத்திற்கு ஏறத்தாழ 55,500 ரூபாய். எஞ்சிய 20 லட்சம், வரவேண்டிய பட்டியல்களை நம்பிச் சுழலும். மொத்த வட்டி கூடும்; கணக்கின் தரமும் பொதுவாகத் தாழும்; புதுக்கடன் எளிதிற் கிட்டாது. எனினும் கூலி நில்லாது, வேலை நில்லாது. மனையை நட்டத்திற்கேனும் விற்க மனம் ஒப்பினால் சுமை இன்னும் விரைவில் இறங்கும். அந்த மனம் வருவதுதான் அரிது.

வங்கிக்குத் தரும் கடன் பட்டியலில் கந்துவட்டிக் கடனை மறைப்போர் உண்டு. மறைத்தால், வங்கி குறைத்துத் தரும் தவணையின் பயன் முழுவதும் அந்தப் பள்ளத்திலேயே போய் விழும். ஆறே மாதத்தில் திட்டம் முறியும். செங்கல், ஜல்லி தந்தவர்க்குரிய பாக்கியும் பட்டியலில் இடம்பெற வேண்டும்.

இன்னொன்று இல்லத்தார் அறியவேண்டியது. தனிநபர் உத்தரவாதம் தந்து மனைவியோ தந்தையோ கையெழுத்திட்டிருப்பர். திவால் சட்டத்தின்படி நிறுவனத்திற்குத் தீர்வுத்திட்டம் ஏற்கப்பட்டாலும், உத்தரவாதம் தந்தவர் அதனால் தானாகவே விடுபடுவதில்லை என உச்ச நீதிமன்றம் 2021இல் தெளிவாக்கியது. தாம் எதில் கையெழுத்திட்டோம் என்பதையே அறியாத தாய்மார் பலர். அப்பத்திரத்தின் நகல் வீட்டில் இல்லையெனில் வங்கியில் கேட்டுப் பெறலாம். வங்கியுடன் பேசச் செல்லும் நாளில் கையெழுத்திட்டவரும் உடன் செல்லுதல் நன்று.