கருப்புன்னா எல்லாம் ஒரே கருப்பா?

இந்த வாரம் கோடிங், கேரியர் எல்லாத்துக்கும் லீவு. இன்னைக்குப் பேசப் போறது மை. பவுன்டன் பேனா மை, அதிலும் டார்க் கலர்கள் மட்டும்.

"புதுசா இங்க் பேனா வாங்கியிருக்கேன் ப்ரோ, டார்க்கா ஒரு இங்க் சொல்லுங்க" என்று கேட்பவர்கள் நிறைய. கேள்வி சின்னதுதான். ஆனா தாம்பரத்துல பீச் டிரெயின் ஏறி, பாரிமுனையில ஒரு பேனாக் கடை முன்னாடி நின்னு பாருங்க. கருப்பு, நீலக்கருப்பு, கரும்பச்சை, கரும்பழுப்பு... பாட்டிலுக்குள்ள பார்த்தா எல்லாமே கருப்புதான். எதை எடுக்கிறது?

முதல்ல ஒரு சின்ன டெஸ்ட். காபி ஃபில்டர் பேப்பரோ டிஷ்யூவோ, நீளமா ஒரு துண்டு வெட்டிக்கோங்க. அடியிலிருந்து இரண்டு விரல் மேலே மையில் ஒரு புள்ளி வையுங்க. துண்டின் நுனி மட்டும் தண்ணீரில் படும்படி ஒரு டம்ளர்ல நிறுத்துங்க. பத்து நிமிஷம் போதும். கருப்பு என்று நாம நினைச்ச மை பல நேரம் நீலம், ஊதா, மஞ்சள்னு தனித்தனியா பிரிந்து மேலே ஏறும். ஸ்கூல் லேப்ல பண்ணின குரோமட்டோகிராஃபிதான் இது.

இரண்டு கம்பெனியின் கருப்பு ஏன் ஒரே மாதிரி இல்லை என்பதற்கு விடை இதில் இருக்கு. சாயக் கலவை வேற வேற. அதனால ஒன்று காய்ந்த பிறகு லேசா நீலம் அடிக்கும், இன்னொன்று பழுப்புப் பக்கம் சாயும். மெல்லிய நிப்பில் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. பட்டையான நிப்பில், கொஞ்சம் வழவழப்பான தாளில், பகல் வெளிச்சத்தில் பாருங்க, அப்போ தெரியும். டியூப்லைட் கீழ பார்த்து ஷேடு முடிவு பண்ணாதீங்க.

சரி, இதுவரை பேசினது கண்ணுக்குத் தெரியும் நிறம். என்னைக் கேட்டா, டார்க் இங்க் வாங்கும்போது அது இரண்டாவது கேள்விதான். முதல் கேள்வி, அந்த மை தாளில் எப்படி உட்காருது என்பது. அதில் மூணு வகை இருக்கு.

முதல் வகை, சாய மை. தண்ணீரில் கரைந்த சாயம். கடையில் கிடைக்கும் பெரும்பாலான மைகள் இதுதான். பேனாவுக்கு நல்லது, கழுவுவது சுலபம். தண்ணீர் பட்டால் நிறைய மைகள் கரைந்து ஓடிடும்.

இரண்டாவது, இரும்பு மை. பழைய காலத்து நீலக்கருப்பு, அதாவது அசல் ப்ளூ-பிளாக், இதுதான். இரும்பு உப்பும், காய்களில் இருந்து எடுக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருளும் சேர்ந்து உருவாகும் மை. எழுதும்போது கண்ணுக்குத் தெரியணுமே, அதுக்காக நீலச் சாயம் சேர்ப்பாங்க. எழுதிய பிறகு காற்றுபட்டு இரும்பு ஆக்ஸிஜனேற்றம் அடையும், எழுத்து மெல்ல மெல்லக் கருக்கும். பெலிக்கன் 4001 ப்ளூ-பிளாக், பிளாட்டினம் ப்ளூ-பிளாக் இரண்டும் இன்னைக்கும் இந்த வகை. ஆனா லேபிளில் 'ப்ளூ-பிளாக்'னு போட்டிருக்கிற எல்லாமே இரும்பு மை இல்லை. பல கம்பெனிகளுக்கு இப்போ அது ஒரு நிறத்தின் பெயர், அவ்வளவுதான்.

இதை வெளிநாட்டு டெக்னாலஜினு நினைச்சுடாதீங்க. கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்தால் கருப்பு வரும் என்பது நம்ம ஊரில் பழைய சங்கதி. அன்னபேதி என்பது இரும்பு சல்பேட். கலம்காரித் துணியில் கடுக்காய்ச் சாறு ஊறிய இடத்தில் இரும்புக் கரைசல் பட்டதும் கோடு கருப்பாவதும் இதே வேதியியல்தான்.

மூணாவது, நிறமி மை. இதில் நிறம் கரையாது, நுண்துகளா மிதக்கும். பிளாட்டினம் கார்பன் பிளாக் நல்ல உதாரணம், அதில் இருப்பது கரி. ஓலைச்சுவடியில் எழுத்தாணியால் கீறிய எழுத்து தெரிய விளக்குக்கரி தடவினாங்க இல்லையா, அந்தக் கரியும் இதுவும் சொந்தக்காரங்க. கரி வெயிலுக்கும் வெளுக்காது, தண்ணிக்கும் கரையாது.

இதெல்லாம் எதுக்கு இவ்வளவு விரிவா? 2015 டிசம்பர் 1, 2 தேதிகளை நம்ம ஏரியாக்காரங்க மறக்க மாட்டோம். 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் அடையாறு வீட்டுக்குள்ளயே வந்தது. எங்க வீட்டில் தாத்தாவோட நோட்டு ஒன்று தண்ணீரில் ஊறிப் போச்சு. வீடு கட்டின கணக்கு, யாருக்கு எவ்வளவு கொடுத்தார், யாரிடம் வாங்கினார், எல்லாம் அதில்தான். மொட்டை மாடியில் காய வைத்துப் பிரித்தோம். சில பக்கங்களில் வெளிர்நீலக் கறை மட்டும்தான், ஒரு எழுத்தும் இல்லை. சில பக்கங்களில் நீலம் ஓடிப்போய், அடியில் சாம்பல் நிறத்தில் வரிகள் அப்படியே நின்றன. ஒரே நோட்டு, ஒரே கையெழுத்து, மை மட்டும் வேற. பாட்டி அந்தச் சாம்பல் வரிகளை ஒவ்வொன்றாப் படிக்கச் சொல்லிக் கேட்டாங்க.

அதனால என் சிபாரிசு இதுதான். காலேஜ் நோட்ஸ், மீட்டிங் குறிப்பு, கவிதை எல்லாத்துக்கும் சாய மை. கரும்பச்சையோ கரும்பழுப்போ, மனசுக்குப் பிடித்ததை எடுங்க. டைரி, வீட்டுக் கணக்கு, பிள்ளைங்களுக்கு எழுதும் கடிதம், செக், கையெழுத்து மாதிரி நிலைக்க வேண்டியதுக்கு இரும்பு மையோ நிறமி மையோ. செக்கில் சாய மை வேண்டாம். கழுவித் தொகையை மாற்றிட முடியும்.

பராமரிப்பு பற்றி மூணு விஷயம். இரும்பு மை கொஞ்சம் அமிலத்தன்மை உள்ளது, நிறமி மை காய்ந்தால் அடைத்துக்கொள்ளும். நம்ம மே மாத வெயிலில் இரண்டையும் பேனாவுக்குள் காய விடாதீங்க. வேற மைக்கு மாறும்போது பேனாவை நல்லாக் கழுவுங்க, இரண்டு மையைக் கலக்காதீங்க. டிராயிங் கடையில் கிடைக்கும் இந்தியன் இங்க்கை மட்டும் பேனாவில் ஊற்றவே ஊற்றாதீங்க. அதில் இருக்கும் அரக்கு காய்ந்தால் பேனா அவ்வளவுதான்.

கடைசியா ஒரு ஹோம்வொர்க். உங்க கையில் இருக்கும் ஒவ்வொரு மையிலும் உங்க பேரை ஒரே தாளில் எழுதுங்க. ஒரு நாள் முழுசாக் காய விடுங்க. அப்புறம் குழாயடியில் ஒரு நிமிஷம் பிடிங்க. எந்தப் பேர் மிச்சம் இருக்குன்னு ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. அடுத்த வாரம் பார்க்கலாம்!