பத்தாவது இன்னிங்ஸில் தோற்ற அணி

அமெரிக்க பேஸ்பாலில் சான் டியாகோ பாட்ரேஸ் அணியின் ரசிகன் நான். அந்த அணியின் 2023-ஆம் ஆண்டுப் பருவம் இன்னும் என் மனசை விட்டுப் போகவில்லை. அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

முந்தைய ஆண்டு பிளேஆஃப் சுற்றில், பரம எதிரியான லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸை வீழ்த்தி வெளியே அனுப்பியிருந்தது பாட்ரேஸ். ஊரே கொண்டாடியது. உரிமையாளர் பீட்டர் சைட்லர் ஆட்டக்காரர்களை ஒப்பந்தம் செய்யக் கணக்குப் பார்க்காமல் செலவு செய்தார். ஷாண்டர் போகார்ட்ஸுக்கு 11 ஆண்டுக்கு 28 கோடி டாலர், மேனி மச்சாடோவுக்கு 11 ஆண்டுக்கு 35 கோடி டாலர். ஹுவான் சோட்டோவும் ஃபெர்னாண்டோ டாட்டீஸும் ஏற்கெனவே இருந்தார்கள். சொந்த மைதானமான பெட்கோ பார்க்குக்கு 2023-இல் 32 லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். அதுவரை அணி கண்டிராத கூட்டம்.

கடைசியில் 162 ஆட்டங்களில் 82 வெற்றி, 80 தோல்வி. பிளேஆஃப் வாய்ப்பே கிடைக்கவில்லை.

இத்தனைக்கும் அது மோசமான அணி அல்ல. விட்டுக்கொடுத்த ரன்களைவிட 104 ரன் கூடுதலாக எடுத்த அணி. அப்படி எடுக்கும் அணி சுமார் 92 ஆட்டங்கள் வெல்ல வேண்டும் என்பது பேஸ்பால் கணக்கு. அந்தப் பத்து வெற்றி எங்கே போயிற்று? ஒரே ரன் வித்தியாசத்தில் முடிந்த ஆட்டங்களில் 9 வெற்றி, 23 தோல்வி. ஒன்பது இன்னிங்ஸில் சமநிலையாகி, கூடுதல் இன்னிங்ஸுக்குப் போன ஆட்டங்கள் 14. அவற்றில் முதல் 12-ஐயும் வரிசையாகத் தோற்றார்கள்!

அந்தக் கூடுதல் இன்னிங்ஸைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். இப்போதைய விதிப்படி, பத்தாவது இன்னிங்ஸிலிருந்து ஒவ்வொரு அணிக்கும் இரண்டாவது பேஸில் ஒரு ஓட்டக்காரரைச் சும்மாவே நிறுத்திக் கொடுக்கிறார்கள். அவரை வீடு சேர்க்க ஹோம் ரன் தேவையில்லை. பந்தை மெதுவாகத் தட்டி அவரை மூன்றாவது பேஸுக்கு நகர்த்தினால் போதும். அடுத்தவர் வெளிக்களத்துக்குத் தூக்கி அடித்து அவுட் ஆனால்கூட ரன் வந்துவிடும். சின்ன வேலைதான். ஆனால் அந்த இடத்தில் பாட்ரேஸின் மட்டை ஊமையாகிவிடும். முதல் ஆள் அவுட், ஓட்டக்காரர் நின்ற இடத்திலேயே நிற்பார். எதிரணி வரும், அதே சின்ன வேலையைச் செய்யும், ஆட்டம் முடிந்துவிடும்.

துரதிர்ஷ்டம் என்று சொன்னவர்கள் உண்டு. பாதி ஒப்புக்கொள்கிறேன், முழுதாக அல்ல. மேல்வரிசையில் நால்வர் ஜொலித்தார்கள், கீழ்வரிசை பலமில்லாமல் கிடந்தது. மாட் கார்ப்பெண்டரின் பேட்டிங் சராசரி .176. முதியவரான நெல்சன் குரூஸைப் பருவத்தின் பாதியிலேயே விடுவித்துவிட்டார்கள். ஒன்பதாவது இன்னிங்ஸை முடித்துவைக்க ஜாஷ் ஹேடர் இருந்தார். அவருக்குப் பிறகு வந்த பந்துவீச்சாளர்களிடம் அந்த உறுதி இல்லை. நட்சத்திரங்களுக்குக் கொட்டிய கவனத்தில் கொஞ்சம் இவர்கள் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். என் குறை அதுதான்.

நல்லதையும் சொல்லியாக வேண்டும். பிளேக் ஸ்னெல் பந்து வீசிய நாட்கள் கண்கொள்ளாக் காட்சி. தாராளமாக வாக் (நான்கு தவறான பந்துகளுக்கு மட்டையாளர் பெறும் இலவச பேஸ்) கொடுத்து பேஸ்களை நிரப்பிக்கொள்வார், பிறகு அந்த வளைபந்தால் ஒவ்வொருவராக வீழ்த்தி வெளியே வருவார். 99 வாக் கொடுத்தும், ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் விட்டுக்கொடுத்த ரன்களின் சராசரி (ERA) 2.25. ஆண்டின் சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருது அவருக்கே கிடைத்தது. சோட்டோவோ, அடிப்பதைவிட அடிக்காமல் விடுவதில் மன்னர். ஒரு விரல் அகலம் வெளியே போகும் பந்தை விட்டுவிட்டு, காலைத் தரையில் தேய்த்துப் பந்துவீச்சாளரை ஒரு பார்வை பார்ப்பார். 35 ஹோம் ரன், 132 வாக். இப்படி இருவர் இருந்தும் தோற்றோமே என்பதுதான் ஆறவில்லை.

அதே ஆண்டு அரிசோனா டைமண்ட்பேக்ஸ் 84 ஆட்டங்களே வென்றது. எடுத்ததைவிட 15 ரன் அதிகம் கொடுத்த அணி அது. ஆனாலும் பிளேஆஃபில் நுழைந்து, இறுதிச் சுற்றான உலகத்தொடர் வரை போய்விட்டது. எங்களுக்கும் அவர்களுக்கும் இடையே இரண்டே வெற்றி. அந்த 12 தோல்விகளில் இரண்டு மூன்று மாறியிருந்தால்!

பருவம் முடிந்ததும் மேலாளர் பாப் மெல்வின் சான் பிரான்சிஸ்கோ அணிக்குப் போனார். நவம்பரில் சைட்லர் காலமானார். டிசம்பரில் சோட்டோவை நியூயார்க் யாங்கீஸுக்கு மாற்றிவிட்டார்கள். அவ்வளவு செலவழித்தது தவறு என்று சைட்லரைக் குறை சொல்பவர்களோடு நான் சேரமாட்டேன். சிறிய சந்தையைக் கொண்ட அணியும் பெரிய கனவு காணலாம் என்று காட்டியவர் அவர்.

சோட்டோ இல்லாமல், சம்பளச் செலவையும் குறைத்துக்கொண்டு, 2024-இல் பாட்ரேஸ் 93 ஆட்டங்கள் வென்றது. அந்த ஆண்டு லீக் முழுவதிலும் மிக உயர்ந்த பேட்டிங் சராசரி எங்களுடையதுதான்.