மதுரையிலிருந்து வந்த கண்டி மன்னன்

கண்டி மாநகரின் வாவிக் கரையில் மாலை வேளையில் உலாவுவோர், அவ்வாவியை அமைப்பித்தவன் கடைசி மன்னனான ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் என்பதை அறிவர். தலதா மாளிகைக்குச் செல்வோர் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கனின் பெயரையும் கேட்டிருப்பர். ஆயினும், இவ்விருவருக்கும் முன்னதாக, நாயக்கர் மரபைக் கண்டியில் தொடக்கிவைத்த வேந்தனை நினைப்போர் மிகச் சிலரே. இன்றைய வாவியின் இடத்தில் நெல்வயல்கள் விளங்கிய அக்காலத்தில், 1739 முதல் 1747 வரை எட்டே ஆண்டுகள் ஆண்ட ஸ்ரீ விஜய இராஜசிங்கனே அவன்.

அவன் முடி சூடிய வரலாறு விந்தையானது. கண்டி அரசர்கள் தம் பட்டத்தரசியரைச் சத்திரிய குலத்திலிருந்தே தெரிந்தெடுத்தல் மரபு. அதற்கெனத் தென்னிந்தியாவை நாடி, மதுரை நாயக்கரோடு உறவுடைய குடும்பங்களில் பெண் கொண்டனர். 1707 முதல் ஆண்ட வீர நரேந்திரசிங்கனும் அவ்வாறே மணம் புரிந்தான். அவ்வரசியரிடம் அவனுக்கு மகப்பேறு வாய்க்கவில்லை. சிங்களப் பிரபுக் குலப் பெண் ஒருத்தியிடம் பிறந்த ஊனம்புவ பண்டாரன் என்னும் மைந்தன் இருந்தான். தாயின் குலம் அவனுக்குத் தடையாயிற்று. 1739 இல் மன்னன் மறைந்தபோது, அரசியின் உடன்பிறந்தானே அரியணை ஏறினான். மதுரையில் அரசி மீனாட்சியோடு நாயக்கர் ஆட்சி முடிவுற்று மூன்றாண்டுகளே கழிந்திருந்தன. அங்கே அணைந்த விளக்கு இங்கே ஏற்றப்பட்டது போலாயிற்று.

ஆனால் முடி சூடுதல் வேறு; மக்கள் மனத்தில் இடம் பெறுதல் வேறு. புதிய மன்னன் பிறப்பால் அயலான். இந்து சமயச் சூழலில் தோன்றியவன். கண்டி மன்னனோ புத்தரின் புனித தந்தத்துக்குக் காவலனாக விளங்க வேண்டியவன். விழா நாட்களில் தலை காட்டி அக்கடமையைப் பெயரளவில் முடித்திருக்கலாம். அவன் அவ்வாறு செய்தானில்லை. தானும் தன் அரசியரும் பௌத்த நெறியைத் தழுவி, வெலிவிட்ட சரணங்கரர் என்னும் அறிஞரைத் துணையாகக் கொண்டான்.

அந்நாளில் இலங்கைப் பௌத்த சங்கம் பெருங்குறையோடு இருந்தது. உபசம்பதை எனப்படும் முழுத் துறவை வழங்குவதற்கு, அதனை முன்னரே பெற்ற பிக்குகள் ஐவரேனும் கூட வேண்டும். தீவு முழுவதிலும் அத்தகையோர் இல்லாது போயினர். பிற நாட்டிலிருந்து அழைத்து வருவதொன்றே வழி. கண்டிக்கோ துறைமுகம் இல்லை. கடற்கரை ஒல்லாந்தர் கையில் இருந்தது. எனினும் கண்டி நாட்டுக் காடுகளில் கறுவா உரிப்பதற்கு மன்னனின் நல்லெண்ணம் ஒல்லாந்தருக்கு வேண்டியிருந்தது. ஆகவே அவர்கள் கப்பல் தந்து உதவினர்.

1741 இல் சென்ற தூதுக்குழுவின் கப்பல் பெகு நாட்டுக் கரையருகே உடைந்தது. தூதருள் சிலரே உயிர் தப்பினர். மன்னன் மனந்தளராது 1747 இல் சீய நாட்டுக்கு மீண்டும் தூது விடுத்தான். அவ்வாண்டிலேயே அவன் இறந்துபட்டமையால், அம்முயற்சியும் இடைவழியில் நின்றது.

அயலிலிருந்து வந்தோர் ஆளவந்த நாட்டின் சமயத்தைப் பேணியதற்கு உலக வரலாற்றில் வேறு சான்றும் உண்டு. கி.மு. எட்டாம் நூற்றாண்டின் இறுதியில், தெற்கே நூபியாவிலிருந்து வந்த மரபினனான சபாகா எகிப்தை ஆண்டான். புழு அரித்திருந்த பழைய சமய ஏடொன்றைக் கண்ட அவன், அது அழியாதிருக்கக் கல்லில் பொறிக்கச் செய்தான். அக்கல் இன்றும் இலண்டன் அரும்பொருளகத்தில் உள்ளது.

ஸ்ரீ விஜய இராஜசிங்கனின் புகழில் ஒரு கறையும் உண்டு. ஒல்லாந்தரின் கொடுமைக்கு அஞ்சிய கத்தோலிக்கருக்கு அவனுக்கு முற்பட்ட மன்னர்கள் புகலிடம் அளித்திருந்தனர். கோவாவிலிருந்து வந்த அருட்டந்தை யோசேவ் வாஸ் கண்டியில் பணி செய்து 1711 இல் அங்கேயே மறைந்தார். அந்தப் புகலிடம் இம்மன்னன் காலத்தில் பறிபோயிற்று. குருமார் நாட்டினின்று வெளியேற்றப்பட்டனர். தான் அயலான் அல்லன் என்று காட்ட முனைபவன், சில வேளைகளில் பிறரை அயலாராக்கி விடுகின்றான். பற்று ஓங்கும் இடத்தில் பொறையும் உடன் ஓங்க வேண்டும் என்பதை ஆள்வோர் எக்காலத்தும் மறத்தல் ஆகாது.

அவன் விட்ட பணியை, அவனுடைய அரசியின் உடன்பிறந்தானான கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் தொடர்ந்தான். 1750 இல் மூன்றாந் தூது சென்றது. 1753 இல் உபாலி தேரர் தலைமையில் சீயத்துப் பிக்குகள் கண்டியை அடைந்து, சரணங்கரருக்கும் பிறருக்கும் உபசம்பதை அளித்தனர். மல்வத்தை, அஸ்கிரிய விகாரைகளைத் தலைமையிடங்களாகக் கொண்டு இன்றும் விளங்கும் சீய நிக்காயம் அவ்வாறு தோன்றியதே.

அறுவடையின் பெருமை அறுத்தவனுக்கே போதல் உலக இயல்பு. ஆயினும், இருமுறை விதைத்து விளைவு காணாது மறைந்தவனையும் நினைத்தல் நன்றியுடையோர் கடன். மதுரைத் தமிழகத்துக்கும் சிங்கள மலைநாட்டுக்கும் இடையே இருந்த உறவின் ஆழத்தை அறிய விரும்புவோர், அவ்வெட்டு ஆண்டுகளையும் கருத்தூன்றிக் கற்றல் வேண்டும்.