குப்பையைப் பிரிக்கத் தெரியாத ஊர்

(தஞ்சாவூரில் மாணவர்களும் தோழர்களும் கூடிய ஓர் அமர்வில் பேசியதன் எழுத்து வடிவம்)



மறுசுழற்சி பற்றிப் பேசணும்னு கூப்பிட்டப்ப முதல்ல எனக்குச் சிரிப்புதான் வந்தது. இந்த வார்த்தை வர்றதுக்கு முன்னாடியே நம்ம பாட்டன் பூட்டன் எல்லாம் அந்த வேலையைத்தான் செஞ்சுக்கிட்டிருந்தாங்க. நம்ம டெல்டாக் கிராமத்துல குப்பைன்னா பெரியவங்களுக்கு எருதான். ‘வயலுக்குக் குப்பை அடிச்சாச்சா’ என்று கேட்பார்கள். சாணம், கூளம், அடுப்புச் சாம்பல் எல்லாம் குழியில் கிடந்து மக்கும், கோடையில் வயலுக்குப் போகும். வயலில் விளைந்தது வைக்கோலாகவும் தவிடாகவும் மாட்டுக்குத் திரும்பும். உமி நெல் அவிக்கிற அடுப்பில் எரியும். வீணாகப் போவது என்று எதுவும் இல்லை.

இதைச் சொல்லித்தான் ‘நம் முன்னோர்கள் எவ்வளவு பெரிய அறிவாளிகள்’ என்று மேடைக்கு மேடை உருகுகிறார்கள். உருகட்டும். அந்தக் குப்பையைக் கூடையில் அள்ளித் தலையில் சுமந்தது யாரு? செத்த மாட்டை இழுத்துப்போய், தோலை உரித்துப் பதப்படுத்தி, பறையும் செருப்பும் ஆக்கியது யாரு? அந்தப் பேர் மட்டும் அந்த உருக்கத்தில் வராது. இன்னொன்றும் வராது. வயலுக்கு உரமான அதே சாணியைக் கரைத்துத்தான் பண்ணையாளின் வாயில் ஊற்றினார்கள். சாணிப்பாலும் சவுக்கடியும் இந்த மண்ணில் தண்டனையாக இருந்தது. 1940களில் பி. சீனிவாசராவும் தோழர்களும் சேரி சேரியாகப் போய்ச் சங்கம் கட்டிய பிறகுதான் அது ஒழிந்தது. மண்ணுக்குப் போனால் உரம், மனுசனுக்குப் போனால் தண்டனை. நம்ம ஊர்ச் சுழற்சியின் முழுக்கதை இதையும் சேர்த்ததுதான்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். மறுசுழற்சி என்றால் கழித்த பொருளைத் திரும்பவும் கச்சாப் பொருளாக ஆக்குவது. பழைய சட்டையைத் தம்பி போட்டுக்கொள்வது மறுபயன்பாடு, அது வேறு. அலுமினியத்தை எடுத்துக்கங்க. பாக்சைட்டைத் தோண்டிப் புதிதாக எடுப்பதற்கு ஆகிற மின்சாரத்தோடு பார்த்தால், பழசை உருக்க இருபதில் ஒரு பங்குதான் ஆகும். கண்ணாடியை எத்தனை தடவை உருக்கினாலும் அது கண்ணாடிதான். காகிதம் அப்படியில்லை, ஒவ்வொரு தடவை கூழாகும்போதும் நார் குட்டையாகும், ஐந்தாறு தடவையோடு அதன் ஆயுசு முடியும். பிளாஸ்டிக் இன்னும் மோசம், ஒவ்வொரு சுற்றிலும் தரம் இறங்கிக்கொண்டே போகும். தண்ணி பாட்டில் பெரும்பாலும் பாலியஸ்டர் நூலாகும், திரும்பப் பாட்டிலாவது குறைவு. கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்யும் அரசு ஆலை கரூர் புகளூரில் 1980களிலிருந்து ஓடுகிறது. நம்ம சிற்றிதழ்கள் அப்படிப்பட்ட தாளில் வந்து, விற்காமல் கட்டிக்கிடந்து, கிலோ கணக்கில் பழைய பேப்பர் கடைக்கே போனதும் ஒரு மறுசுழற்சிதான். என் முதல் தொகுப்பும் அந்தத் தராசில் ஏறியது. எடை சரியாகவே போட்டார்கள்.

இதில் எல்லாமே ஒரு காரியத்தில்தான் நிற்கிறது: பிரிப்பது. சாம்பார் ஊறிய காகிதம் கூழுக்கு ஆகாது. சோற்றோடு கட்டிப்போட்ட பிளாஸ்டிக் பையை ஒருத்தரும் வாங்க மாட்டார்கள். காற்றுப் போகாமல் அடியில் அமுங்கிய ஈரக் குப்பை மீத்தேன் ஆகிறது; பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவை விடப் பல மடங்கு கெட்டது அது. ஜெபமாலைபுரம் குப்பைக் கிடங்கு பற்றிக்கொண்டு நாள் கணக்கில் புகைந்ததை இங்கே பலபேர் மூச்சிலேயே அனுபவிச்சிருக்கீங்க. வீட்டுலயே மூணாகப் பிரிச்சுக் கொடுக்கணும்னு 2016 திடக்கழிவு விதிகளே சொல்லிச்சு. பிரிக்கிறார்களா? மனுசனை ஊரு, சேரின்னு பிரிக்கத் தெரியும். சுடுகாட்டைப் பிரிக்கத் தெரியும். டீக்கடையில கிளாசைப் பிரிக்கத் தெரிஞ்சிருந்தது. மீன்முள்ளையும் பால் பாக்கெட்டையும் பிரிக்கத் தெரியல!

தெரியாததால் அல்ல என்பதுதான் என் கருத்து. தான் கழித்ததைத் தான் தொட்டால் தீட்டு. அதைத் தொடுவதற்கென்றே பிறந்த ஒருவர் காலையில் வருவார் என்ற உத்தரவாதம் இருக்கிறது. அந்த உத்தரவாதத்துக்குப் பேர்தான் சாதி. தமிழ்நாட்டின் நகரங்களில் அந்த ஒருவர் பெரும்பாலும் அருந்ததியர். உடைந்த கண்ணாடி, ஊசி, ரத்தத் துணி எல்லாவற்றுக்குள்ளும் போவது அவருடைய விரல்.

காந்தி இந்த வேலையைப் புனிதமாக்கிப் பேசினார். 1936இல் ‘ஹரிஜன்’ பத்திரிகையில் லட்சியத் தோட்டி எப்படி இருக்கவேண்டும் என்றே எழுதினார். அம்பேத்கர் 1945இல் வந்த நூலில் இதை உடைத்தார். இந்த நாட்டில் செய்கிற வேலையால் யாரும் தோட்டியாவதில்லை, பிறப்பு அவரைத் தோட்டியாக்குகிறது என்பது அவர் வாதம். இன்றைக்கு அதே புனிதம் பச்சை வண்ணத்தில் திரும்பி வருகிறது. துப்புரவுத் தொழிலாளர் என்ற பேர் தூய்மைப் பணியாளர் ஆயிற்று. கொரோனாவில் காலில் விழுந்து மாலை போட்டார்கள். 2025 ஆகஸ்டில் சென்னையில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தொழிலாளர்கள், வேலையைத் தனியாருக்கு விடாதே என்று ரிப்பன் மாளிகை வாசலில் இரவு பகலாக உட்கார்ந்தார்கள். அவர்களை நள்ளிரவில் தூக்கிப்போய் அடைத்தார்கள். மாலை போட்ட கைகள் அப்போது எங்கே இருந்தன என்று தெரியவில்லை.

அப்ப நாம என்ன செய்யணும்? வேலையை விட்டுடணுமா? இங்கேதான் நமக்குள்ளேயே சண்டை. 2016இல் குஜராத்தின் உனாவில் செத்த மாட்டின் தோலை உரித்ததற்காக நம் இளைஞர்களைக் கட்டி வைத்து அடித்தார்கள். பதிலுக்கு சுரேந்திரநகரில் மாட்டுச் சடலங்களைக் கொண்டுபோய் ஆட்சியர் அலுவலகத்தில் போட்டார்கள் தலித்துகள். உங்கள் மாடு, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், எங்களுக்கு நிலம் கொடுங்கள் என்றார்கள். நிறுத்திய மறுநாளே நாறும் வேலை இது. அதுதான் அதன் பலம்.

இன்னொரு வழி புனேயில் நடந்தது. 1993இல் குப்பை பொறுக்கும் பெண்கள், பெரும்பாலும் தலித் பெண்கள், தொழிற்சங்கம் கட்டினார்கள். 2008இலிருந்து மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்ட சொந்தக் கூட்டுறவாக வீடு வீடாகப் போகிறார்கள். எனக்கு இரண்டும் வேண்டியிருக்கிறது. சாக்கடைக் குழிக்குள் மனிதர் இறங்குவது நின்றே ஆகவேண்டும், அதில் பேரம் கிடையாது. 2013 சட்டம் தடுத்தும் சாவு நிற்கவில்லை. 2023இல் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை 30 லட்சமாக்கியது, அவ்வளவுதான். ஆனால் காகிதம், இரும்பு, பிளாஸ்டிக் என்கிற வியாபாரத்தில் பணம் இருக்கிறது. அதில் பொறுக்குகிற கை நம்முடையது, கிடங்கும் லாரியும் எந்திரமும் வேறொருத்தருடையது. இதுவும் குத்தகைதான் தோழர்களே. இதே மாவட்டத்து நெல்லுக்கு என்ன நடந்ததோ அதுதான் இங்கேயும் நடக்குது.

நாடுகளுக்குள்ளேயும் இதே கதைதான். பணக்கார நாடுகள் வருசக்கணக்கில் தங்கள் பிளாஸ்டிக்கைக் கப்பலேற்றிச் சீனாவுக்கு அனுப்பிவிட்டு, மறுசுழற்சி செய்துவிட்டதாகக் கணக்கு எழுதின. 2018இல் சீனா கதவைச் சாத்தியதும் கப்பல்கள் மலேசியா, வியட்நாம் என்று திரும்பின. உலகத்துக்கும் ஒரு சேரி வேண்டியிருக்கு.

நான் வங்கியில் காசாளரா இருக்கிறவன். எங்ககிட்ட வர்ற நோட்டைத் தினமும் பிரிக்கணும். நல்லது ஒரு கட்டு, அழுக்கு ஒரு கட்டு. அழுக்கு நோட்டு ரிசர்வ் வங்கிக்குப் போய்த் துண்டு துண்டாகி, கட்டியாக அழுத்தப்படும். அழுக்கானாலும் கவுண்டரில் அதன் மதிப்பு போகாது. சில வருசத்துக்கு முன்னாடி ஒரு அம்மா வந்தாங்க. குப்பை பொறுக்குறவங்க. தராசும் தள்ளுவண்டியும் வாங்கக் கடன் கேட்டாங்க. முத்ரா கடனுக்கு அடமானம் வேண்டாம்னு விதி இருக்கு. ‘கடை விலாசம் வேணும், அது இல்லாம எப்படி’ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. அவங்க வியாபாரம் தெருவில். தெருவுக்கு விலாசம் ஏது?

போகும்போது சேமிப்புக் கணக்கில் போடச் சொல்லி நாலைந்து நோட்டு நீட்டினாங்க. ஈரமா இருந்தது. பக்கத்து இருக்கைக்காரர் பேனா முனையால அதைத் தள்ளி வாங்கினார். நோட்டு எண்ணும் எந்திரத்தில் போட்டார், எந்திரம் சரியா எண்ணுச்சு. நான் பார்த்துக்கிட்டே இருந்தேன், ஒண்ணும் பேசல. அந்த அம்மா சீட்டை வாங்கிக்கிட்டு, கீழே கிடந்த எங்க பழைய சலான் தாளைக் குனிஞ்சு பொறுக்கிச் சாக்குல போட்டுக்கிட்டுப் போனாங்க.